வீட்டை விற்று வீடு வாங்குவோர் கவனத்திற்கு: வரி தள்ளிப்போகும், தொலைந்து போகாது



இந்நாட்டிற்கு வந்த புதிதில் எம்மவர்களின் கேள்விகள் எல்லாம் அனுமதிப் பத்திரத்தைப் பற்றியனவாகவே இருக்கும். பின்னர் வேலை, மொழி வகுப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று கேள்விகள் மாறும். ஓரளவு கால் ஊன்றியதும் வருவது வீட்டுக் கேள்வி. மாதாமாதம் வாடகைக்குக் கொடுக்கும் காசை வங்கிக்குக் கட்டினால் ஒரு நாள் வீடாவது எமக்கு மிஞ்சும் அல்லவா என்று கணவனும் மனைவியும் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்குப் பார்க்காத தமிழ் வீடு சுவிசில் குறைவு.

இம்முறை நாம் எடுத்துக்கொள்வது வீடு வாங்கும் கதையை அல்ல, வாங்கிய வீட்டை விற்கும் கதையை. "இன்னும் வாங்கவே இல்லை, அதற்குள் விற்பதைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கக்கூடும். முதலில் வாங்கும் வீடு கடைசி வீடாக அமைவது அரிது. மூன்றரை அறைத் தொடர்மாடி வீட்டில் தொடங்குவோம். பிள்ளைகள் வளர்வார்கள், ஊரிலிருந்து அம்மா வந்து சேர்வார், வேலை வேறு கன்ரோனுக்கு மாறும். அப்போது இந்த வீட்டை விற்று அடுத்ததை வாங்க வேண்டிவரும். அந்த நாளில் வரிக் கந்தோர் கேட்கும் கடதாசிகள் வாங்கும் நாளிலிருந்தே சேர்த்து வைக்கப்பட வேண்டியவை. ஆகவே இன்னும் வாங்காதவர்களும் இதனை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

எந்த வரி இது?

சுவிசில் தனியார் ஒருவர் தமது பங்குகளையோ நகையையோ விற்று இலாபம் கண்டால் பொதுவாக அதற்கு வரி இல்லை. ஆனால் காணி, வீடு விற்ற இலாபம் அப்படியல்ல. மத்திய அரசு அதனைத் தொடுவதில்லை. கன்ரோன்களும், இடத்தைப் பொறுத்து நகரசபைகளும் அதற்குத் தனியான வரி அறவிடுகின்றன. ஜேர்மன் பேசும் பகுதிகளில் இதனைக் 'குறுண்ட்ஸ்ருக்கெவின்ஸ்ரொயர்' என்பார்கள். நாம் இங்கே காணி இலாப வரி என்று சொல்வோம். வழமையான வருமான வரிப் படிவத்தோடு இது சேராது. வீடு கைமாறியதும் தனியாக ஒரு படிவம் வரும், தனியாக ஒரு கணக்கு வரும்.

வரியின் அளவு கன்ரோனுக்குக் கன்ரோன் பெரிதும் வேறுபடும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரு பொது விதி உண்டு: வீட்டை வைத்திருந்த காலம் குறுகினால் வரி கூடும், நீண்டால் வரி குறையும். காணியைக் கைமாற்றிக் காசு பார்ப்பவர்களைத் தடுப்பதே இதன் நோக்கம். ஜெனீவாவில் 2 ஆண்டுகளுக்குள் விற்றால் இலாபத்தில் பாதி, அதாவது 50 வீதம், வரியாகப் போய்விடும். அங்கேயே 10 ஆண்டுகளைக் கடந்தால் அது 10 வீதமாக இறங்கும்.

சூரிச் கன்ரோனில் இலாபம் கூடக் கூட வீதமும் படிப்படியாக ஏறும். முதல் 4,000 பிராங்குக்கு 10 வீதத்தில் தொடங்கி, 100,000 பிராங்குக்கு மேற்பட்ட பகுதிக்கு 40 வீதம் வரை போகும். ஓராண்டுக்குள் விற்றால் அந்த வரியின் மேல் இன்னும் பாதி சேரும். 2 ஆண்டுகளுக்குள் என்றால் காற்பங்கு சேரும். 5 ஆண்டுகள் முழுமையானால் 5 வீதம் கழிவு, அதன்பின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 3 வீதம், 20 ஆண்டில் 50 வீதம். அதற்கு மேல் கழிவு கூடாது.

சலுகை என்ன?

வேலை மாறியதாலோ குடும்பம் பெருத்ததாலோ குடியிருந்த வீட்டை விற்று வேறு வீடு வாங்குபவர் உண்மையில் இலாபம் கண்டவர் அல்லர். விற்ற வீடு விலை ஏறியது போலவே வாங்கும் வீடும் விலை ஏறித்தான் இருக்கும். அவரிடம் வரியைப் பிடுங்கினால் அடுத்த வீட்டை வாங்க அவரால் முடியாமற் போகும். ஆளும் இடம் மாற மாட்டார். இதனைக் கருத்திற்கொண்டு 1990 டிசம்பர் 14ஆம் திகதி நிறைவேற்றப்பட்ட வரி ஒத்திசைவுச் சட்டம், 12ஆம் பிரிவில், எல்லாக் கன்ரோன்களுக்கும் பொதுவான ஒரு விதியை வைத்தது. அச்சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. கன்ரோன்கள் தங்கள் சட்டங்களைத் திருத்திக்கொள்ள 8 ஆண்டுகள் அவகாசம் கொடுக்கப்பட்டது.

விதி இதுதான். நிரந்தரமாகவும் முழுமையாகவும் தாமே குடியிருந்த வீட்டை ஒருவர் விற்று, அந்தப் பணத்தை நியாயமான காலத்திற்குள் சுவிசிலேயே தாம் குடியிருப்பதற்கான வேறு வீடு வாங்கவோ கட்டவோ பயன்படுத்தினால், காணி இலாப வரி தள்ளிவைக்கப்படும். ஜேர்மன் மொழியில் இதற்கு 'ஏர்சாட்ஸ்பெஷாஃபுங்' என்று பெயர். மாற்று வீடு தேடுதல் என்று பொருள் கொள்ளலாம். சொல் நாவில் புரள மறுத்தாலும் இதனை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரிக் கந்தோரில் இந்த ஒரு சொல்லைச் சொன்னாலே எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பது அவர்களுக்கு விளங்கிவிடும்.

'தள்ளிவைக்கப்படும்' என்பதைக் கவனியுங்கள். எம்மவரிற் பலர் இதனை வரி மன்னிப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். மன்னிப்பு இல்லை. பழைய வீட்டின் இலாபம் புதிய வீட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மூன்றாவது வீடு வாங்கினால் அதன் முதுகுக்குப் போகும். என்றாவது ஒரு நாள் விற்றுவிட்டு வேறு வாங்காமல் நிறுத்தினால், அன்றைக்கு எல்லா இலாபத்துக்கும் சேர்த்துக் கணக்கு வரும். இதனை மறந்தவர்கள் ஓய்வு பெறும் வயதில் அதிர்ச்சி அடைய நேரிடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம்

விண்டர்த்தூரில் ஒரு குடும்பம் ஒரு தொடர்மாடி வீட்டை எல்லாச் செலவும் உட்பட 500,000 பிராங்குக்கு வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். திறந்த பல்கணிக்குக் கண்ணாடி அடைத்து அறையாக்கியது போன்ற, வீட்டின் பெறுமதியைக் கூட்டிய வேலைகளுக்கு 30,000 செலவழித்தது. ஆகவே வீட்டின் அடக்கவிலை 530,000. பத்தாண்டுகள் குடியிருந்துவிட்டு 750,000க்கு விற்றது. தரகுக் கூலி, விளம்பரம், கந்தோர்ச் செலவு எல்லாமாக 20,000. கையில் நின்ற விற்பனைத் தொகை 730,000. இலாபம் 200,000.

வேறு வீடு வாங்காவிட்டால், சூரிச் கன்ரோனின் படிவரிசைப்படி வரி 69,400 பிராங்கு. பத்தாண்டுக் கழிவு 20 வீதம் போக 55,520. இது சிறிய தொகை அல்ல. துப்புரவு வேலையோ உணவகச் சமையலறை வேலையோ செய்யும் ஒருவரின் ஓராண்டு உழைப்பு அதற்குள் அடங்கிவிடும்.

இப்போது மூன்று நிலைகளைப் பாருங்கள்.

முதலாவது: அக்குடும்பம் 850,000க்கு வேறு வீடு வாங்குகிறது. 730,000 முழுவதும் மீண்டும் வீட்டில் போடப்பட்டுவிட்டது. வரி முழுவதும் தள்ளிப்போகும். ஆனால் வரிக் கந்தோரின் பதிவில் புதிய வீட்டின் அடக்கவிலை 850,000 அல்ல. தள்ளிவைத்த 200,000ஐக் கழித்து 650,000 தான். நாளை அதனை 900,000க்கு விற்றால், செலவுகளைக் கழிக்குமுன் இலாபம் 50,000 அல்ல, 250,000.

இரண்டாவது: 650,000க்குச் சிறிய வீடு வாங்குகிறது. 730,000க்கும் 650,000க்கும் இடையிலுள்ள 80,000 மீண்டும் வீட்டில் போடப்படாத பணம். அதற்கு உடனே வரி: கழிவு போக 17,920 பிராங்கு. மிகுதி 120,000 இலாபத்திற்கான வரி தள்ளிப்போகும்.

மூன்றாவது: 520,000க்கு வாங்குகிறது. இது பழைய வீட்டின் அடக்கவிலையான 530,000ஐ விடக் குறைவு. ஆகவே சலுகையே கிடையாது. 55,520 முழுவதையும் கட்ட வேண்டும்.

மூன்றாவது நிலைதான் பலரை வியக்க வைப்பது. "நான் வீடு வாங்கினேனே, பாதிச் சலுகையாவது தரக்கூடாதா?" என்று கேட்பார்கள். முன்னர் சில கன்ரோன்கள் விகிதப்படி பங்கு போட்டுச் சலுகை கொடுத்தன. 2004 மார்ச்சில் லவுசானிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அதனை நிறுத்தியது. முதலில் போட்ட முதல் மீண்டும் வீட்டிற்குப் போக வேண்டும், அதற்கு மேல் போடப்படும் பணம் எவ்வளவோ அவ்வளவு இலாபத்திற்குத்தான் தள்ளிவைப்பு என்று தீர்ப்பாகியது. ஆகவே பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டிற்குப் போகிறவர்கள், குறிப்பாகப் பிள்ளைகள் தனியே போய்விட்ட பெற்றோர், ஒப்பமிடுமுன் இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்: அடக்கவிலை, நிகர விற்பனைத் தொகை, புதிய வீட்டின் விலை.

புதிய வீட்டின் விலையில் வங்கிக் கடன் எவ்வளவு, கைக்காசு எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் பொருட்டல்ல. வீட்டின் மொத்த விலையே பார்க்கப்படும்.

'நியாயமான காலம்' என்பது எவ்வளவு?

சட்டம் எண்ணைச் சொல்லவில்லை. சூரிச் உட்படப் பல கன்ரோன்களில் பொதுவாக 2 ஆண்டுகள் என்று கொள்கிறார்கள். சில இடங்களில் வேறு எல்லை உண்டு. உங்கள் கன்ரோனின் எல்லையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். புதிய வீட்டை முதலில் வாங்கிவிட்டுப் பழையதைப் பின்னர் விற்றாலும் அதே கால எல்லைக்குள் சலுகை உண்டு. பழையதை விற்றபோது புதிய வீடு இன்னும் கிடைக்கவில்லையாயின், வரி முதலில் கேட்கப்பட்டுப் பின்னர் திருத்தப்படவும் கூடும். ஆகவே அந்தத் தொகையை வங்கியில் தொடாமல் வைத்திருங்கள். சலுகையை நீங்களே கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். வரும் படிவத்தில் அதற்கான இடத்தை நிரப்பி, புதிய வீட்டின் உறுதிப் பிரதியை இணைத்து அனுப்புங்கள்.

புதிய வீடு அதே கன்ரோனில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தூணில் விற்று ஓல்ற்றனில் வாங்கலாம். சுவிசுக்குள் எங்கும் சரி. பின்னாளில் அந்த வீடு விற்கப்படும்போது, தள்ளிவைத்த பழைய இலாபத்தையும் சேர்த்து வரி கேட்கும் உரிமை பொதுவாகப் புதிய கன்ரோனுக்கே என்று 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்தது.

யாருக்குச் சலுகை இல்லை?

வாடகைக்கு விட்ட வீட்டிற்கு இல்லை. விடுமுறைக்குப் போகும் வீட்டிற்கு இல்லை. வெறுங் காணிக்கு இல்லை. கீழே கடை, மேலே வீடு என்று இருந்தால் குடியிருந்த பகுதிக்கு மட்டுமே கேட்கலாம். விற்கும் நேரத்தில் நீங்கள் அங்கே குடியிருந்தீர்களா என்பதே கேள்வி. "முன்னர் ஆறு வருடம் இருந்தோம், பிறகு ஒரு பொடியனுக்கு வாடகைக்குக் கொடுத்தோம்" என்பது இடையூறான பதில். வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்னரே கணக்கைப் பார்த்துவிடுங்கள். புதிய வீட்டிலும் நாமே குடியிருக்க வேண்டும். வாங்கிய கையோடு வாடகைக்குக் கொடுத்தால் சலுகை கேட்க முடியாது.

எம்மவரிடையே அண்ணனும் தம்பியும், அல்லது மச்சானும் மச்சானும் சேர்ந்து வாங்கும் வழக்கம் உண்டு. ஒருவரின் சம்பளம் வங்கிக்குப் போதாது என்பதால் இரண்டு பெயரும் காணிப் பதிவேட்டில் ஏறும். ஒரு குடும்பம் குடியிருக்கும், மற்றது வேறு ஊரில் வாடகைக்கு இருக்கும். விற்கும்போது குடியிருந்தவரின் பங்குக்குச் சலுகை கேட்கலாம்; குடியிராதவரின் பங்குக்கு வரி உடனே வரும். அதனை யார் கட்டுவது என்பது வாங்கும் நாளிலேயே எழுத்தில் பேசித் தீர்க்க வேண்டிய விடயம். பேசாமல் விட்டதால் உறவு முறிந்த குடும்பங்களை நாம் அறிவோம்.

வீட்டை விற்காமல் பிள்ளைக்கு நன்கொடையாகக் கொடுத்தாலும், இறப்பின் பின் உரித்தாளிகளுக்குப் போனாலும், மணமுறிவில் ஒருவர் பங்கு மற்றவருக்கு இருவரின் சம்மதத்தோடு மாறினாலும் காணி இலாப வரி தள்ளிப்போகும். அங்கும் அது மறைவதில்லை. பெற்றுக்கொண்டவரின் தலையில் ஏறுகிறது. பங்கு பிரிக்கும்போது இதனையும் கணக்கிற் சேர்ப்பதே நீதி.

இன்னொன்று: அடிக்கடி வாங்கி விற்பவரை வரிக் கந்தோர் வியாபாரி என்று கொள்ளலாம். அப்படியானால் மத்திய அரசின் வருமான வரியும் முதியோர் காப்புறுதிக் கட்டணமும் சேர்ந்து வரும்.

விற்ற காசில் ஊரில் வீடு கட்டினால்?

இது எம்மவருக்கே உரிய கேள்வி. இங்குள்ள வீட்டை விற்று, யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ ஒரு நல்ல வீடு கட்டிப் பெற்றோரை இருத்துவது பலரது கனவு. கனவைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் சட்டம் 'சுவிசில்' என்று தெளிவாகச் சொல்கிறது. ஊரில் கட்டும் வீடு மாற்று வீடாகக் கணக்கெடுக்கப்படாது. வரி முழுவதும் உடனே வரும். விற்ற பணம் முழுவதையும் அனுப்பிவிட்டு, சில மாதங்களின் பின் வரும் கணக்கைக் கட்டக் கடன் தேடி அலைவது கொடுமை. முதலில் வரித் தொகையை ஒதுக்குங்கள், மீதியை அனுப்புங்கள்.

மறுபக்கமாக, ஊரில் உள்ள காணியை விற்று இங்கே வீடு வாங்க எண்ணுவோரும் உண்டு. அந்த இலாபத்திற்குச் சுவிசில் வரி இல்லை. ஆனால் இலங்கையில் உண்டு. 1987இல் நீக்கப்பட்ட மூலதன ஆதாய வரி அங்கே 2018 ஏப்ரல் 1 முதல் மீண்டும் வந்தது. தனியாட்களுக்கு முதலில் 10 வீதமாக இருந்தது, 2025 ஏப்ரலிலிருந்து 15 வீதமாக உயர்ந்தது. முன்னரே கைவசம் இருந்த காணிக்கு 2017 செப்ரெம்பர் 30ஆம் திகதிய சந்தைப் பெறுமதியே அடக்கவிலையாகக் கொள்ளப்படும். அங்கும் சொந்த வதிவிடத்திற்கு விலக்கு உண்டு; ஆனால் விற்குமுன் 3 ஆண்டுகள் உரிமையாளராக இருந்து, அதில் 2 ஆண்டுகளாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். சுவிசில் வாழும் எம்மால் அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது கடினம். விற்ற பணத்தில் வேறு வீடு வாங்கினேன் என்பதற்காக வரியைத் தள்ளிவைக்கும் விதி அங்கே இல்லை.

ஊரில் எமது பெயரில் உள்ள காணியையும் வீட்டையும் சுவிஸ் வரிப் படிவத்தில் காட்டியே ஆக வேண்டும். அவற்றுக்கு இங்கே வரி இல்லை. எமது மற்ற வருமானத்திற்கான வீதத்தை நிர்ணயிக்கவே கேட்கிறார்கள். காட்டாமல் விட்டு, ஒரு நாள் பெருந்தொகை வங்கிக்கு வரும்போதுதான் தொல்லை தொடங்கும். 2010 முதல், ஒருவர் தாமாக முன்வந்து உண்மையைச் சொன்னால் வாழ்நாளில் ஒரு தடவை தண்டம் இல்லாமல் விடும் விதி உண்டு. 10 ஆண்டுகள் வரையான நிலுவை வரியும் வட்டியும் மட்டும் கட்ட வேண்டிவரும். கந்தோர் கண்டுபிடித்த பின் இந்த வழி மூடப்பட்டுவிடும்.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதாதீர்கள்

முத்திரைச் செலவைக் குறைக்க உறுதியில் குறைந்த விலையை எழுதி மீதியைக் கையிற் கொடுக்கும் பழக்கம் ஊரில் கண்டதுண்டு. அதனை இங்கே கொண்டுவர வேண்டாம். சுவிசில் வீட்டு விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் உண்மையான விலையோடு எழுதப்பட வேண்டும். பொய் விலை எழுதிய ஒப்பந்தம் செல்லுபடியாகாது. அதற்கு மேல் இன்னொரு நட்டமும் உண்டு. 600,000 கொடுத்து வாங்கிய வீட்டை 550,000 என்று எழுதினால், நீங்கள் விற்கும் நாளில் உங்கள் அடக்கவிலை 550,000 தான். கையிற் கொடுத்த 50,000ம் உங்கள் இலாபமாகக் கணக்கிடப்படும். கொடுத்த காசுக்கு மேல் வரியும் கட்டுவீர்கள்.

ஓய்வூதிய நிதிப் பணம்

1995 முதல், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டிற்காக இரண்டாம் தூண் ஓய்வூதிய நிதியிலிருந்து பணம் எடுக்கலாம். எடுக்கும் தொகை பொதுவாக 20,000 பிராங்குக்குக் குறையக்கூடாது. எம்மவரில் பலர் இப்படித்தான் முதல் வீட்டை வாங்கியிருக்கிறார்கள். வீட்டை விற்கும்போது அந்தப் பணத்தை நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். காணிப் பதிவேட்டிலேயே அதற்கான குறிப்பு இருக்கும். ஆனால் 2 ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், அத்தொகையை ஓய்வூதியப் பணத்திற்கென உள்ள தனிக் கணக்கு ஒன்றில் வைத்திருந்து புதிய வீட்டிற்குப் பயன்படுத்த முடியும். நிதிக்கே திருப்பிக் கட்டினால், பணம் எடுத்தபோது கட்டிய வரியை மீளக் கேட்கலாம். 3 ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும், வட்டி கிடையாது. இது காணி இலாப வரியிலிருந்து வேறான விடயம். இரண்டுக்கும் தனித்தனியாகக் கடிதம் போக வேண்டும்.

வாங்குபவருக்கும் ஒரு எச்சரிக்கை

காணி இலாப வரி விற்பவர் கட்ட வேண்டியது. ஆனால் அவர் கட்டாமல் போனால், சூரிச் உட்படப் பல கன்ரோன்களில் அந்த வரி வீட்டின் மேலேயே ஈடாக நிற்கும். விற்றவர் நாட்டை விட்டுப் போய்விட்டால் வாங்கியவரின் வீட்டைத் தேடிவரும். ஆகவே முதல் வீடு வாங்கும் குடும்பங்கள், மதிப்பிடப்பட்ட வரித் தொகை விலையிலிருந்து நேரே வரிக் கந்தோருக்குக் கட்டப்படவோ, தனிக் கணக்கில் வைக்கப்படவோ வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதும்படி நொத்தாரிசிடம் கேளுங்கள். தெரிந்த தமிழ்ப் பொடியனிடம் வாங்குகிறோம் என்று விட்டுவிடாதீர்கள்.

அனுமதிப் பத்திரம் பற்றியும் ஒரு சொல். சி அனுமதி உள்ளவர்கள் வாங்குவதற்குத் தடை இல்லை. 1997 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் பின், எம்போன்ற வெளிநாட்டவர் பி அனுமதியோடு தாம் வாழும் இடத்தில் தாம் குடியிருக்கும் வீட்டைத் தனி அனுமதி பெறாமல் வாங்கக்கூடியதாயிற்று. வாடகைக்கு விடுவதற்காக வாங்க முடியாது. வேறு அனுமதியில் இருப்பவர்களும், விதி பற்றி ஐயம் உள்ளவர்களும் முற்பணம் கொடுக்குமுன் கன்ரோன் கந்தோரில் எழுத்தில் கேட்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை

ஒரு கோவையை எடுத்து அதன் மேல் 'வீடு' என்று எழுதுங்கள். அதற்குள் கீழ்க்கண்டவை இருக்கட்டும்.

1. வாங்கிய உறுதியின் பிரதி, நொத்தாரிசு மற்றும் பதிவுச் செலவுப் பற்றுச்சீட்டுகள்.

2. வீட்டின் பெறுமதியைக் கூட்டிய எல்லா வேலைகளின் கணக்குகளும்: புதிய அறை, இல்லாத இடத்தில் பொருத்திய வசதி, நிலவறையை அறையாக்கிய செலவு. இவை இலாபத்திலிருந்து கழியும். பழுதானதை மட்டும் திருத்திய செலவு இங்கே கழியாது. சிநேகிதர் செய்து தந்த வேலைக்குக் கணக்கு இல்லையென்றால் கழிவும் இல்லை.

3. விற்கும்போது தரகர், விளம்பரம் ஆகியவற்றின் கணக்குகள். விற்பனைக்காக வங்கிக் கடனைத் தவணைக்கு முன் முடித்ததால் வங்கி அறவிட்ட நட்டஈட்டையும் கழிக்கலாம் என்று 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றது. அது விற்பனையோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும்.

4. தள்ளிவைப்பை ஏற்று வரிக் கந்தோர் அனுப்பிய கடிதம். இருபது வருடம் கழித்தும் தேவைப்படும். பிள்ளைகளுக்கும் இடத்தைக் காட்டி வையுங்கள்.

விற்க முடிவெடுத்தால், விலை பேசுமுன் நகரசபையின் அல்லது கன்ரோனின் காணி இலாப வரிப் பிரிவுக்குப் போய் உத்தேசக் கணக்கு ஒன்றைக் கேளுங்கள். மொழி தெரிந்த பிள்ளையை அழைத்துப் போவதில் வெட்கம் இல்லை. ஆனால் கணக்கைப் பிள்ளையின் தலையில் போடாமல் நீங்களும் விளங்கிக்கொள்ளுங்கள். தொகை பெரிதாக இருந்தால் வரி ஆலோசகர் ஒருவருக்குச் சில நூறு பிராங்குகள் கொடுப்பது வீண் செலவல்ல.

வெறுங்கையோடு வந்து இறங்கிய நாட்டில் ஒரு கதவின் மேல் எமது பெயரை எழுத எத்தனை இரவு வேலை போயிருக்கும் என்பது எமக்குத் தெரியும். அந்த உழைப்பின் ஒரு பங்கு விதி தெரியாமல் போனதால் கைநழுவக்கூடாது. சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. நாளும் கணக்கும் பார்த்துக் கேட்பது எமது பொறுப்பு.